ஓதாத தண்ணீர்

புத்தளம் தில்லையடியில் கமீலாவின் வீட்டுக்கு வழி கேட்டால், தையல் மெசின் சத்தம் வரும் வீடு என்றுதான் சொல்வார்கள். பாடசாலை உடுப்புத் தைப்பதில் அவளுக்குப் பெயர். வெள்ளைச் சட்டை, பர்தா, சின்னப் பையன்களின் நீலக் களிசான் என்று அந்த ஒழுங்கையின், அந்தச் சின்னத் தெருவின் பிள்ளைகளில் பாதிப்பேர் அவள் தைத்ததைப் போட்டுக்கொண்டுதான் காலையில் அவளுடைய வாசலைக் கடந்து போவார்கள். அவள் பெற்ற மகள் மட்டும் போவதில்லை. பதினேழு வயது ஸஃப்னா அந்த நேரம் குசினிப் படியில் குந்தியிருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். அளவு கொடுக்க வரும் தாய்மார் அவளை எட்டிப் பார்ப்பார்கள். பிறகு கமீலாவைப் பார்ப்பார்கள்.

"மகளுக்குச் சொகமில்லையா?"

"சொகமாத்தான் இருக்கிறா."

"அப்ப ஸ்கூல்?"

இந்த "அப்ப ஸ்கூல்" என்ற கேள்விக்கு எடுபடும் மறுமொழியைக் கமீலா தேடிக்கொண்டே இருந்தாள். எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். "வீட்டோட இருந்து படிக்கிறா" என்றாள். கேட்டவர்களின் காதில் "வீட்டோட இருக்கிறா" மட்டும்தான் விழுந்தது. வயதுக்கு வந்த பெண் வீட்டோடு இருக்கிறாள் என்றால் அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: மாப்பிள்ளை தேடுகிறார்கள். கனமூலைக் கிராமத்தில் இருந்து ஒரு கூட்டம் வேன் பிடித்துக்கொண்டு பெண் பார்க்கவே வந்துவிட்டது. வட்டிலப்பத்தோடு வந்தவர்களை வாசலில் நிறுத்தி வைக்கவா முடியும்? தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, வயது போதாது என்று சொல்லி அனுப்புவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு "தனியப் படிக்கிறா" என்று மாற்றிச் சொன்னாள். "பிரைவேட் கிளாஸா? எந்த ஸேர்?" என்றார்கள். ஸேர் என்று ஒருவரும் இல்லை, தானாகவே படிக்கிறாள் என்றதற்கு ஒரு மாதிரிச் சிரித்து, "போன்லயா?" என்றார்கள்.

ஸஃப்னா பாடசாலையை விட்ட கதை நீளமானதல்ல. கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது ஆசிரியர்கள் பாடக் குறிப்புகளைப் படம் பிடித்துப் போனுக்கு அனுப்பினார்கள். மற்றப் பிள்ளைகளைப் போல அவளும் பார்த்து எழுதினாள். ஒரு நாள் கேத்தலின் அடியில் பிடித்திருந்த வெள்ளைக் கல்லைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டு, "இது எங்கயிருந்து உம்மா வருது?" என்று கேட்டாள்.

"தண்ணியில இருந்து. வேற எங்கயிருந்து?"

"தண்ணிக்கு எங்கயிருந்து?"

கமீலாவுக்குத் தெரியவில்லை. மகள் தேடத் தொடங்கினாள். தேடுவதற்கு இங்கிலீஷ் வேண்டியிருந்தது, இங்கிலீஷ் படித்தாள். சிங்களத்தில் யாரோ ஒருவர் இரசாயனம் படிப்பித்து வீடியோ போடுகிறார் என்று தன்னுடைய கடைத்தெருச் சிங்களத்தைத் திருத்திக்கொண்டாள். பாடசாலை திறந்ததும் அதே கேள்வியை வகுப்பில் கேட்டிருக்கிறாள். "அது சோதினைக்கு வராது. போட்ல இருக்கிறத எழுது" என்று மறுமொழி வந்தது. பிறகு பெற்றோலுக்குச் சனம் வரிசையில் கிடந்த காலம் வந்து, பாதி நாள் வகுப்பு, பாதி நாள் வீடு என்றானது. பதினாறு முடிந்த கையோடு, "நான் நிக்கப்போறன் உம்மா. ஓலெவல் சோதினைய பிரைவேட்டா எடுக்கிறன்" என்றாள்.

வேறொரு தாயென்றால் விளக்குமாற்றைத் தூக்கியிருப்பாள். கமீலா ஓம் என்றாள். மன்னாரில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எட்டு வயதில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளத்துக்கு வந்தவள் அவள். ஓலைக் கொட்டிலில், பின்னேரத்தில் நடந்த பாடசாலையில், வாங்குப் பலகையில் நெருக்கி இருந்து படித்தாள். "அகதிப் புள்ளைகள்" என்பது அவர்களுடைய வகுப்புக்கே பெயர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. தையலை யாரும் படிப்பித்துக் கொடுக்கவில்லை. நிவாரணத்தில் கிடைத்த ஒரு கவுனைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்து, அதே மாதிரித் திரும்பத் தைத்து, பிழையாகிப்போய்த் திரும்பவும் பிரித்துத்தான் பிடித்துக்கொண்டாள். அப்படியும் ஒன்றைப் படிக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கவுன் என்றால் முடிவில் கையில் ஒரு கவுன் இருக்கும். மகள் படிப்பதன் முடிவில் என்ன இருக்கும் என்பது விளங்கவில்லை.

விளங்காததால்தான் எரிச்சல் வந்தது. சனத்தின் மேல் வந்த எரிச்சலில் பாதி மகளின் மேலும் இருந்தது. ஸஃப்னா விடிந்து நெடுநேரம் கழித்து எழும்புவாள். ஒரு முழுக் காலையும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். "என்ன புள்ள செய்யிறாய்?" என்றால், "யோசிக்கிறன்" என்பாள். "யோசிக்கிறதும் ஒரு பாடமா?" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் போய்க் கிணற்றுத் தண்ணீர் கேட்டு வாங்கி வந்து, வெற்றுச் சோடாப் போத்தல்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு குறி போட்டு ஜன்னல் கட்டில் வரிசையாக வைத்திருந்தாள். சில போத்தல்களில் சவர்க்காரத் தண்ணீரைச் சொட்டு விட்டுக் குலுக்குவாள். சிலவற்றில் வினாகிரி விடுவாள். குசினியில் வினாகிரிப் போத்தல் எப்போது பார்த்தாலும் காலி.

புருஷன் நளீம் லொறி ஓட்டுகிறவன். தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போய்வந்து இடையில் இரண்டு நாள் வீட்டில் நிற்பான். "நீ ஓம் சொன்னாய், நீயே சனத்துக்கும் சொல்லு" என்று ஒதுங்கிக்கொண்டான். அடுத்த ஓலெவல் முடியும் வரை மகளை அவள் போக்கில் விடுவது என்பது உம்மாவுக்கும் மகளுக்கும் இடையில் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தைச் சனத்தின் வாயில் இருந்து காப்பாற்றுவது கமீலாவின் தலையில் விழுந்தது.

அதைக் காப்பாற்றியது ஒரு "ம்".

ஆசியா உம்மா அந்தப் பக்கத்தில் மதிப்பான மனுஷி. பெண்களுக்கு மார்க்க வகுப்பு நடத்துகிறவர். பேத்திமாரின் பாடசாலை உடுப்புத் துணியோடு வந்து கதிரையில் அமர்ந்திருந்தார். கமீலா குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு பேத்தி ஒருத்திக்கு அளவு பிடித்துக்கொண்டிருந்தாள். உள் அறையில், திரைச்சீலைக்கு அப்பால், ஸஃப்னா மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எதையும் அவள் ஒரே விதமாகத்தான் மனப்பாடம் செய்வாள். சின்ன வயதில் குர்ஆன் மதரஸாவில் படிந்த பழக்கம். சம்மணம் கட்டி இருந்து, முன்னும் பின்னும் ஆடி, மெல்லிய குரலில் ராகம் போட்டுச் சொல்வாள். அன்றைக்கு அவள் சொல்லிக்கொண்டிருந்தது சோடியம், மக்னீசியம், கல்சியம். திரைச்சீலையைத் தாண்டி வந்தது ராகம் மட்டும்தான்.

ஆசியா உம்மா காது கொடுத்துக் கேட்டார். அவருடைய முகம் இளகியது.

"உள்ளுக்கு யாரு ஓதுற? மகளா?"

"ம்" என்றாள் கமீலா. மகளா என்ற கேள்விக்குத்தான் அந்த "ம்". ஊசிகளை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்ல நினைத்தாள்.

"அதுதானா ஸ்கூலால நிப்பாட்டின? ஹிப்ழு செய்யிறாவா? மாஷா அல்லாஹ்! வெளியில சொல்லாம அடக்கமா இருக்கிறீங்களே!"

ஊசிகளை எடுத்த பிறகும் கமீலாவின் வாயில் இருந்து வேறொன்றும் வரவில்லை. குர்ஆன் முழுவதையும் மனனம் செய்வதற்காகப் பாடசாலையை நிறுத்திய பிள்ளை என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. "அப்ப ஸ்கூல்?" என்று ஒரு வாயும் கேட்காது. எழும்பிப் போகும்போது ஆசியா உம்மா கமீலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சவூதியில எக்ஸிடன்ட்ல மௌத்தான என்ட மகன் இருக்கிறானே, அவனுக்காக ஒரு துஆக் கேக்கச் சொல்லு மகளிட்ட. ஓதுற புள்ளைட துஆ." இறந்த மகனுக்கான அந்தப் பிரார்த்தனைக்கும் கமீலா தலையை ஆட்டினாள்.

ஒரு கிழமைக்குள் ஒழுங்கையின் குணமே மாறிவிட்டது. கனமூலைக்காரர்கள், ஓதுகிற பிள்ளையின் மனதைக் கலைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பக்கத்து வீட்டில் ரேடியோச் சத்தம் குறைந்தது. முட்டையும் பேரீச்சம்பழமும் வந்தன. பள்ளிவாசலில் நளீமை யாரோ கட்டிப் பிடித்து, கை கொடுத்து முஸாபஹாச் செய்திருக்கிறார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கமீலா கேட்டாள்.

"நான் ஒண்டும் சொல்லல்ல. அவங்களாத்தான் சொன்னாங்க. நான் அல்ஹம்துலில்லாஹ் என்டன்."

"என்னத்துக்கு அல்ஹம்துலில்லாஹ்?"

"அல்லாஹ்வ எப்பவும் புகழலாம்தானே" என்றான் நளீம்.

நளீமின் அக்கா, அவன் ராத்தா என்று கூப்பிடும் ஜுனைதா, இதுவரை "பொடிச்சிய வீட்டுல வெச்சுப் பழுதாக்கிறாய்" என்று கமீலாவைத் தின்றவள், இப்போது நாளுக்கு ஒரு தரம் வந்து மருமகள் ஸஃப்னாவின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். தம்பியிடமோ மதினியிடமோ அவள் ஒன்றும் விசாரிக்கவில்லை. ஊரே சொல்வதை ஏன் விசாரிக்க வேண்டும்?

ஸஃப்னாவுக்குத்தான் கடைசியாகத் தெரியவந்தது. வாதுமைப் பருப்போடு வந்த ஒருத்தி, "குர்ஆன்ல எத்தனை ஜுஸு முடிஞ்சிட்டுது மகள்?" என்று அவளிடமே கேட்டுவிட்டாள். அவள் போகும்வரை பொறுத்திருந்த ஸஃப்னா நேரே மெசினுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"குர்ஆன்லயா உம்மா பொய்?"

"நான் பொய் சொல்லல்ல. அவங்க கேட்டாங்க, நான்..."

"நீங்க?"

"வாயில ஊசி இருந்திச்சு."

"இப்பவுமா இருக்கு?"

கமீலா மெசினை நிறுத்தினாள். "அப்ப நீயே வந்து சொல்லிப் பாரு. சனத்துக்கிட்ட என்னண்டு சொல்ல? என்ட மகள் போத்தலக் குலுக்கிறா என்டா? ஒரு வருஷமா என்னை அரிச்செடுத்துப் போட்டுதுகள். இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விடுறன். சோதினை முடியிற வரைக்கும் பொறு."

"நான் என்ன படிக்கிறன் என்டு சொல்ல உங்களுக்கு வெக்கம்."

"வெக்கமில்ல. தெரியா."

"கேட்டீங்களா?"

கேட்கத்தான் செய்தேன், நீ முகத்தைத் திருப்பினாய் என்று சொல்ல வந்தாள். அதற்குள் மகள் திரைச்சீலையைப் பிடித்து இழுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு அவள் சத்தமாக மனப்பாடம் செய்வதையே விட்டாள். போத்தல்களுக்கு முன்னால் இருந்து வாய்க்குள் முணுமுணுத்தாள். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த ஜுனைதாவின் கண்ணுக்கு, ஓதுகிற பிள்ளை தண்ணீர்ப் போத்தல்களுக்கு முன்னால் இருந்து முணுமுணுக்கிறாள். காய்ச்சலுக்கும் கண்ணேறுக்கும் குர்ஆன் ஓதி ஊதிய தண்ணீரைக் கொடுப்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஜுனைதா இரண்டையும் கூட்டிப் பார்த்தாள்.

அடுத்த கிழமை கமீலா நூலும் பொத்தானும் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். ஸஃப்னா சிநேகிதி வீட்டில். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஜுனைதா இருந்தாள். கமீலா வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தபோது, மதினி முகம் நிறையச் சிரிப்போடு வாசலில் நின்றாள்.

"நல்ல வேலை ஒண்டு செஞ்சன் கமீலா. கடைசி வீட்டு றுஷ்னாட சின்னவளுக்கு முந்தாநாள்ல இருந்து காய்ச்சலாம். ஓதின தண்ணி கேட்டு ஓடி வந்தா. ஒரு போத்தல் தூக்கிக் குடுத்துட்டன்."

"எந்தப் போத்தல்?"

"அந்தா, ஜன்னல்ல இருக்கிறதில ஒண்டு."

கமீலா ஜன்னலைப் பார்த்தாள். வரிசையின் நடுவில் ஒரு இடைவெளி. எது சவர்க்காரம் விட்டது, எது வினாகிரி விட்டது, எது எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்கு ஒரு குறியும் விளங்கவில்லை. நூல் பையை மதினியின் கையில் திணித்துவிட்டு ஓடினாள். "என்ன புள்ள, என்ன?" என்று ஜுனைதா பின்னால் கத்துவது கேட்டது.

ஓடும்போதே பொய் ஒன்றைத் தயார் பண்ணிக்கொண்டாள். பழைய தண்ணீர், புதிதாக ஓதித் தருகிறோம் என்று சொல்லிப் போத்தலை வாங்கிவிடலாம். யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடும். ஸஃப்னாவின் வருடமும் தப்பிவிடும்.

றுஷ்னா வீட்டு முன் அறையில், பாயில், சின்னவள் தாயின் மடியில் துவண்டு கிடந்தாள். பக்கத்தில் நோய் பார்க்க வந்த ஆசியா உம்மா. கோப்பையில் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது.

"குடுக்காதீங்க!" கமீலாவுக்கு மூச்சு வாங்கியது. "அது... அது பழைய தண்ணி. புதுசாத் தாறம்."

"அதுக்கா ராத்தா இப்பிடி ஓடி வந்தீங்க?" றுஷ்னா கோப்பையைக் கீழே வைத்தாள். "நானே வாறன். மகள் கையால ஓதி வாங்கினா இன்னும் நல்லம்தானே. ஆஸ்பத்திரிக்கு ஏத்துவம் என்டுதான் இவர் நிண்டாரு. நான்தான், ஸஃப்னா ஓதின தண்ணிய முதல்ல குடுத்துப் பாப்பம் என்டு நிப்பாட்டி வெச்சன்."

கமீலா பிள்ளையின் நெற்றியில் கை வைத்தாள். சுட்டது. இரண்டு நாளாகச் சுடுகிற நெற்றி.

"ஆஸ்பத்திரிக்கு ஏத்து" என்றாள்.

"தண்ணியக் குடுத்துப் போட்டு..."

"ஓதின தண்ணி இல்ல றுஷ்னா. அவ ஓதல்ல. அவ ஹிப்ழு செய்யல்ல. இது சும்மா கெணத்துத் தண்ணி."

ஆசியா உம்மாதான் கேட்டார். "அப்ப அண்டைக்கு உள்ளுக்கு ஓதின?"

"அது... பாடம். கல்சியம், மக்னீசியம் என்டு."

"நான் கேட்டனே. நீ ஓம் என்டாய்."

"ம் என்டன்" என்றாள் கமீலா. சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று தெரிந்தது.

"என்ட மகனுக்கு துஆக் கேக்கச் சொன்னன். கேட்டாளா?"

அப்போதுதான் ஜுனைதா போய்ச் சொல்லி ஸஃப்னாவும் ஓடி வந்து வாசலில் நின்றாள். "என்ன துஆ?" என்றாள் தாயைப் பார்த்து. "நீங்க எனக்குச் சொல்லவே இல்லயே உம்மா."

ஆசியா உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

றுஷ்னாவுக்குப் பயம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது. போத்தலைத் தூக்கி ஸஃப்னாவுக்கு முன்னால் நீட்டினாள். "இதுக்குள்ள என்ன போட்ட? ராத்தா வரமுந்தியே ஒரு வாய் குடிச்சிட்டாள் புள்ள. சொல்லு!"

ஸஃப்னா போத்தலை வாங்கி அதில் இருந்த குறியைப் பார்த்தாள். "ஒண்டும் போடல்ல ராத்தா. இது உங்கட கெணத்துத் தண்ணி. போன மாசம் நீங்கதானே அள்ளித் தந்தீங்க."

"எங்கட தண்ணியா?"

"ஓம்."

"நாங்க நெடுகக் குடிக்கிற தண்ணியா?" றுஷ்னா கமீலாவைப் பார்த்தாள். "அதுக்கா குடுக்காத, குடுக்காத என்டு கத்தினீங்க?"

"அப்ப நல்ல தண்ணிதானே?" என்று கேட்டது வாசலில் முச்சக்கர வண்டியோடு வந்து நின்ற றுஷ்னாவின் புருஷன்.

ஸஃப்னா போத்தலை ஒரு தரம் குலுக்கிப் பார்த்தாள். "உப்புக் கூட. சவர்க்காரம் நுரைக்குதில்ல, கேத்தல்ல கல்லுப் பிடிக்குது. அவ்வளவும் தெரியும். குடிச்சா ஆகுமா, ஆகாதா என்டு..."

"ம், சொல்லு" என்றான் அவன்.

"தெரியா. அதைக் கண்டுபிடிக்கிறதுக்கு வேற சாமான் வேணும். அது என்னட்ட இல்ல."

"நல்ல கதை!" றுஷ்னாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "ஸ்கூலுக்கும் போறல்ல. ஓதவும் இல்ல. தண்ணியப் பத்திக் கேட்டா அதுவும் தெரியா. என்னத்தத்தான் புள்ள நீ படிக்கிறாய்?"

முச்சக்கர வண்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனது. சாதாரணக் காய்ச்சல்தான், மருந்து கொடுத்து இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஆனால் அது தெரியவருவதற்குள் ஒழுங்கை முழுவதற்கும் மற்றது தெரிந்துவிட்டது. அடுத்த நாள் காலையிலேயே ஆசியா உம்மாவின் பேத்தி வந்து, வெட்டாத துணியை அப்படியே திருப்பிக் கேட்டு வாங்கிப் போனாள். ஏன் என்று கமீலா கேட்கவில்லை. "குர்ஆன வெச்சு வெளையாடினவள்" என்று கடைவாசலில் யாரோ அவளுக்குக் கேட்கச் சொன்னார்கள். ஜுனைதா வந்து, வெளியில் நின்றே பேசினாள்.

"என்னைக் கொண்டுபோய்ச் சந்தியில நிப்பாட்டிப் போட்டியே கமீலா! என்ட கையால குடுத்தனே! கனமூலை ஆக்கள்ட காலில விழுந்தாவது அந்தக் காரியத்தைச் செஞ்சு முடி. இனி வேற ஆரும் வரமாட்டாங்க."

"வராட்டி நல்லம் மதினி" என்றாள் கமீலா.

கோபத்தில் சொல்லிவிட்டாளே தவிர தன் பிழை அவளுக்குத் தெரியும். ஆசியா உம்மா கேட்டதும் பிசகில்லை, றுஷ்னா கேட்டதும் பிசகில்லை. தன் வீட்டு ஜன்னலில் ஒரு மாதமாக இருந்த போத்தலில் விஷம் இருக்கிறதா, வெறும் தண்ணீர் இருக்கிறதா என்று தெரியாமல் வீதியில் ஓடியவள் அவள்தான். மகளுக்காக ஊரோடு மல்லுக்கு நின்றாள், மல்லுக்கு நின்றது எதற்காக என்று அவளுக்கே தெரியாது.

பின்னேரம் மெசினை மூடிவிட்டு உள்ளே போய்ப் பாயில் அமர்ந்தாள். "சொல்லு. இது எல்லாம் என்ன?"

ஸஃப்னா நிமிர்ந்து பார்க்கவில்லை. "இப்ப என்னத்துக்கு?"

"உன்ட முகத்தைத் திருப்பாம சொல்லு. எனக்கும் கோவம் இருக்கு."

மகள் சொல்லத் தொடங்கினாள். வேகமாகச் சொன்னாள். கமீலா நிறுத்தி, திரும்பக் கேட்டாள். திரும்பவும் அதே வேகம். "நீ வகுப்பில வாங்கின ஏச்ச எனக்குத் தாறாய்" என்றாள் கமீலா. அதைக் கேட்டு மகளுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனாலும் குரல் நிதானப்பட்டது. கடற்கரைப் பக்கக் கிணறுகளில் என்ன வித்தியாசம், சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் தண்ணீர் எப்படி வருகிறது, சவர்க்காரம் ஏன் நுரைக்காமல் திரிகிறது. பாதி விளங்கியது. விளங்காத பாதியில் கமீலாவுக்குத் தலையிடித்தது. ஓலெவலுக்கு வேண்டிய மற்றப் பாடங்கள் என்னவாயிற்று என்று கேட்டாள். கணிதமும் இங்கிலீஷும் சரி, வரலாறு இன்னும் தொடவில்லை என்றாள் மகள். "தொடு" என்றாள் கமீலா. "அதுக்குப் போத்தல் வேணாம்தானே?"

வெள்ளிக்கிழமை நளீம் வந்தான். வருகிற வழியிலேயே கதை முழுவதும் அவனுக்குக் கிடைத்திருந்தது. ஜும்ஆத் தொழுகையில் ஒருவரும் அவனைக் கட்டிப் பிடிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்:

"திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போகட்டும். நான் அதிபரோட கதைக்கிறன்."

"போகமாட்டா."

"அப்ப நான் சனத்துக்கு என்ன சொல்ல?"

"படிக்கிறா என்டு சொல்லுங்க."

"என்ன படிக்கிறா என்டு கேப்பாங்களே!"

"அதை என்னட்டக் கேக்காதீங்க. உள்ளுக்குத்தான் இருக்கிறா. போய்க் கேளுங்க. நானும் இந்தக் கிழமைதான் கேட்டன்."

"நான் என்னத்தைக் கண்டன், லொறிக்காரன்!"

"நான் என்ன கம்பஸ்ல படிச்சவளா? கேளுங்க. கேட்டுப்போட்டு நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்க. கேக்காம நிப்பாட்டினா, நானும் அவளோட ஸ்கூலுக்குப் போய் இருந்துகொள்ளுவன், வீட்டை நீங்க பாருங்க."

நளீம் கையைக் கழுவினான். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். கமீலா மிச்சச் சோற்றை மூடி வைத்தாள், கோப்பைகளைக் கழுவினாள், கழுவியதையே திரும்பக் கழுவினாள். உள்ளே முதலில் ஒரு குரல்தான் கேட்டது. பிறகு நளீமின் குரலும் சேர்ந்தது. லொறியின் ரேடியேட்டருக்குள் கல்லுப் பிடிப்பதைப் பற்றி ஏதோ சொன்னான். "அதுவும் இதுதான் வாப்பா" என்று மகள் சொல்ல, "அது வேற, இது வேற" என்று அவன் அடித்துச் சொன்னான். "இல்ல வாப்பா!" என்று அவள் கத்தினாள். கமீலா கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

நெடுநேரம் கழித்து நளீம் வெளியே வந்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

"ஒண்டும் விளங்கல்ல" என்றான் எரிச்சலோடு.

"அப்ப திங்கக்கிழமை?"

அவன் சாரத்தை உதறிக் கட்டினான். பெட்டியின் மேல் இருந்த லொறித் திறப்புச் சாவியைத் தேடினான், அது கண்ணுக்கு முன்னால்தான் கிடந்தது.

"திங்கக்கிழமை எனக்குத் தம்புள்ள ட்ரிப். அதிபரோட கதைக்க எங்க நேரம்?"

இருபது வருடம் அவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அதன் பொருள் தெரியாதா? அவன் வாயில் இருந்து இதைவிடத் தெளிவான ஓம் இந்த ஜென்மத்தில் வராது. ஆனாலும் அவளுக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. நாளைக்குப் பள்ளிவாசலில் யாரும் கேட்டால், இந்த மனுஷன் இதே மாதிரித் திறப்பைத் தேடுவான், மறுமொழி திரும்பவும் அவளுடைய தலையில்தான் விழும்.

"விளங்காட்டி விளங்காத மாதிரியே சனத்துக்குச் சொல்லுங்க" என்றாள். "ஆனா சொல்லுங்க. சும்மா தலைய ஆட்டிப்போட்டு வரவேணாம்."